எண்ணெய்த் தாங்கிக்குள் கிடந்த உது

யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'இது', 'அது' என்ற இரண்டுக்கும் நடுவே 'உது' என்று ஒன்று இருக்கிறது. சொல்கிறவருக்கு எட்டத்திலும் கேட்கிறவருக்குக் கிட்டத்திலும் கிடக்கிற சாமான் உது. உங்கள் காலடியில் கிடக்கும் செருப்பு உது. உங்கள் சோற்றுக் கோப்பையில் இருக்கும் மீன் தலை உது. கலியாணம் கட்டி வந்த வீட்டில், என் புருசனுக்குப் பக்கத்தில் நின்ற ஒரே காரணத்தால், நானும் உதுவாக இருந்தேன்.

"உதிட்டைக் கேள், உப்புப் போத்தல் எங்கையெண்டு."

என் மச்சாள், அதாவது அவருடைய அக்கா, என்னோடு கதைக்கிற விதம் இதுதான். நான் அடுப்படியில் நிற்பேன். உப்புப் போத்தல் என் கையில் இருக்கும். அவள் தன் தம்பியைப் பார்த்துக் கேட்பாள். அவர் என்னைப் பார்ப்பார். உங்கடை அக்காவுக்குக் கண் தெரிந்தால் வந்து எடுக்கச் சொல்லுங்கோ என்று நான் அவருக்குச் சொல்லுவேன். ஆளோடு ஆள் கதையாமல் இருப்பதற்கு எங்கள் பக்கத்தில் 'கோவம்' என்று பெயர். தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு கோவமாக இருக்கிறவர்களைக் கண்டிருப்பீர்கள். நாங்கள் ஒரே குசினிக்குள் கோவம். அவளைவிட நான் வயதில் இளையவள், மரியாதையாக 'அவ' என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்தில் 'அவள்' என்று எழுதுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நான் மானிப்பாய்ப் பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தோடு கோயிலுக்குப் போய், பாடி, பிரசங்கம் கேட்டுவிட்டு வருகிற குடும்பம். எங்களுக்குக் கும்பிடச் சுருவமோ சிலையோ இல்லை, செபமாலை இல்லை, மெழுகுதிரி நேர்த்தி இல்லை. குருநகர்க் கடற்கரையில் ஒரு ஐஸ் கொம்பனிக்கு வேலைக்குப் போன இடத்தில், மீன் பெட்டிக்கு ஐஸ் ஏற்ற வந்தவரைக் கண்டு, வீட்டுக்காரர் தலையில் அடிக்க அடிக்க அவரையே கட்டினேன். அவர் கத்தோலிக்கர், கடல் தொழில். கலியாணம் அவர்களுடைய கோயிலில்தான் நடந்தது. ஆனால் நான் மாறவில்லை. அதைப் பற்றிச் சுவாமியார்கூட ஒன்றும் சொல்லவில்லை. மச்சாள் சொன்னாள், சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அவள் கலியாணம் கட்டாதவள். தாய் செத்த பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வளர்த்த கதையைக் காலைத் தேத்தண்ணியோடு ஒருக்கால், மத்தியானச் சோற்றோடு ஒருக்கால் கேட்டால் யாருக்கும் புளிக்கும்.

கோவம் தொடங்கியது ஒரு உத்தரியத்தால். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தீப்பெட்டியில் பாதி அளவில் இரண்டு மண்ணிறத் துணித் துண்டுகள், பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு நாடாவில் கோத்திருக்கும். கழுத்தில் போட்டால் ஒரு துண்டு நெஞ்சில் கிடக்கும், மற்றது முதுகில் கிடக்கும். அதைப் போட்டபடி சாகிறவர் நரகத்துக்குப் போகமாட்டார் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கடலுக்குப் போகிறவர்கள் அதைக் கழற்றமாட்டார்கள். இவரும் சின்ன வயதிலிருந்து போட்டிருந்தார். உப்புத் தண்ணியும் நைலோன் நாடாவும் சேர்ந்து கழுத்தைச் சுற்றிப் புண்ணாக்கிவிட்டன. நான் களிம்பு பூசினேன். அவர் தானாகவே அதைக் கழற்றி அறைச் சுவரில் ஆணியில் கொழுவினார். தானாக. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், அவர்களுடைய கோயிலிலும் செய்வேன். ஆனால் மச்சாள் கண்டது வெறும் கழுத்தையும், அந்தக் கழுத்தில் களிம்பு பூசிக்கொண்டிருந்த என் கையையும்தான். அன்றோடு என்னோடு கதையை நிப்பாட்டினாள். நான் உதுவானேன்.

எங்களுக்கு இருப்பது ஒரு பைபர் போட். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின். எண்ணெய்த் தாங்கி சிவப்புப் பிளாஸ்டிக்கில், கைபிடியோடு, சின்னச் சூட்கேஸ் அளவில் இருக்கும். எஞ்சினுக்குப் போகிற குழாயைக் கழற்றிவிட்டால் தூக்கிக்கொண்டு வரலாம். எண்ணெய்க்காக வரிசையில் நின்று செத்த காலத்துக்குப் பிறகு எங்கள் கரையில் யாரும் தாங்கியைப் போட்டிலே விட்டுவிட்டு வருவதில்லை. விட்டால் காலையில் தாங்கியும் இராது, எண்ணெயும் இராது. அதனால் அது ஒவ்வொரு நாளும் அவரோடு கடலுக்குப் போய், அவரோடு வீட்டுக்கு வரும். குசினிக்குப் பின்னால் சாய்ப்புப் பத்திக்குள் வைப்பார்.

அதற்கு எண்ணெய் வார்ப்பது மச்சாளின் உத்தியோகம். நான் வர முன்னமே அவளுடையது, நான் வந்த பிறகும் அவளுடையது. ஒருநாள் வெயில் படுகிறதே என்று தாங்கியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அதற்கு அன்று பின்னேரம் முழுக்கப் புறுபுறுப்பு. உதின்ரை கையைத் தாங்கியிலை வைக்க வேண்டாமெண்டு சொல்லு, எங்கடை வீட்டுத் தொழில் சாமான், எங்கடை தம்பியின்ரை உயிர். அந்த வீட்டில் எல்லாமே 'எங்கடை'. அந்த 'எங்கடை'க்குள் நான் இல்லை என்பதைக் கேட்கிற எவரும் விளங்கிக்கொள்வார்கள்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுத் தொடங்கிய நேரம் எஞ்சின் நிற்கத் தொடங்கியது.

அது நிற்கிற விதம்தான் விசர் பிடிக்க வைத்தது. கரையில் கட்டி வைத்து ஓட்டினால் நன்றாக ஓடும். கடலில் வேகமாகப் போகும்போது இருமி இருமி நிற்கும். கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை இழுத்தால், நானா நின்றேன் என்று கேட்பதுபோலத் திரும்ப ஓடும். பிறகு திரும்ப நிற்கும். மெக்கானிக் வந்து பிளக் மாற்றினான், காபரேட்டர் கழுவினான், குழாயை மாற்றினான். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில், தாங்கியையும் ஒருக்கால் வடிவாகக் கழுவிப் பாருங்கோ அண்ணை என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த நாள் நான் கேட்டதற்குக் கழுவினேன் என்று இவர் சொன்னார். உள்ளே ஏதும் கிடந்ததா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டேன்.

மச்சாளுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. காரணம் நான், வீட்டுக்கு வந்த சனியன். உத்தரியம் இல்லாத கழுத்தோடு கடலுக்குப் போனால் எஞ்சின் நிற்காமல் என்ன செய்யும்? வேதமும் இல்லை, காவலும் இல்லை, செபம் சொல்கிற நேரம் வெளியில் போய்க் கதிரையைப் போட்டுக் குந்தியிருக்கிற பெண்டாட்டிதான் இருக்கிறாள். இதையெல்லாம் சோறு சாப்பிடுகிற தம்பிக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள்.

எனக்கும் காரணம் தெரிந்திருந்தது. காரணம் அவள். தண்ணி கலந்த எண்ணெயைத் துணியால் வடிக்காமல் வார்க்கிறாள், கண்ணும் மங்கல், பிடிவாதமும் கூட. இதை நானும் அதே சோற்றுக் கோப்பைக்கு மேலால் அவருக்குச் சொன்னேன். அவர் குழம்பைச் சோற்றோடு பிசைந்துகொண்டேயிருந்தார். இந்த மனிசனுக்கு வாய் சாப்பிட மட்டும்தான் என்று நான் நினைத்தேன். அப்போது அதைக் கோபத்தில் நினைத்தேன். அது எவ்வளவு உண்மை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அவரோடு போட்டில் போய்வந்த ஆள், எஞ்சினைச் சரிக்கட்டிப்போட்டுக் கூப்பிடு என்று சொல்லி நின்றுவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. இவர் தனியப் போகத் தொடங்கினார். போகவேண்டாம் என்றால் போவார். போங்கோ என்றாலும் போவார். அவர் போகிற வாசல் படலைச் சத்தம் கேட்டுப் படுத்துக் கிடப்பேன், நித்திரை வராது. அடுத்த அறையில் அவளும் புரண்டு புரண்டு படுப்பது கேட்கும். அது கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல். என் புருசனுக்காக நான் பயப்படுகிற நேரத்தில்கூட அவள் வந்து பங்கு கேட்பதுபோல இருக்கும்.

அன்றைக்குக் காற்று விடியவே முறுகியிருந்தது. போன போட்டுகள் எல்லாம் நேரத்தோடு திரும்பிவிட்டன. இவருடையது வரவில்லை. தொலைபேசி எடுத்தால் அடிக்கவில்லை. நான் கரைக்கு ஓடினேன். அவள் எனக்கு முதலே வந்து நின்றாள். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு வலைக் குவியல் கிடந்தது. அவள் ஒரு பக்கம் நின்று செபமாலையை உருட்டிச் சத்தமாகச் சொன்னாள். நான் மற்றப் பக்கம் நின்று, எங்கள் வழக்கப்படி, வாய்க்குள் சொன்னேன். அக்கம்பக்கத்தார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தேற்ற வந்தவர்களுக்கு யாரிடம் முதலில் போவதென்று தெரியவில்லை. ஒருத்தியின் கையைப் பிடித்தால் மற்றவள் கணக்கு வைப்பாள் என்று ஊருக்கே தெரியும்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம் வேறொரு போட் இவருடையதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்றுபோய், காற்று போட்டைப் பாருக்கு, அதாவது கடலடிக் கல்லுக்கு, மேலே தள்ளியிருக்கிறது. நங்கூரம் பிடிக்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்ததில் உள்ளங்கை பிளந்துவிட்டது. சாரத்தைக் கிழித்துச் சுற்றியிருந்தார், அது முழுக்க இரத்தம். இழுத்து வந்தவன், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நீங்கள் இஞ்சை நிண்டிருக்கத் தேவையில்லை என்று எங்களுக்குச் சொன்னான். இவர் இறங்கி வந்தார். என்னையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார்.

"ஒண்டுமில்லை" என்றார்.

அந்த 'ஒண்டுமில்லை'தான் எனக்குத் தலைக்கு ஏறியது. போட்டுக்குள் ஏறிக் குழாயைக் கழற்றித் தாங்கியைத் தூக்கினேன். எண்ணெய் பாதிக்கு மேல் இருந்தது, பாரம். மூடிக்குள்ளால் சிந்திச் சட்டை நனைய நனையத் தெருவால் நடந்தேன். இனி அது யாருடைய உத்தியோகம் என்று பார்ப்போம். பின்னால் அவள் தம்பிக்குக் கத்துவது கேட்டது.

"உதைப் பறியடா!"

இந்தியாவிலிருந்து வந்த யாராவது கேட்டிருந்தால், என்னை உதைக்கச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அதிலும் அவளுக்கு ஆட்சேபணை இருந்திராது. அந்த 'உதை' தாங்கியா, தாங்கியைத் தூக்கிய நானா என்பது எனக்கு விளங்கவில்லை. அவர் பறிக்கவில்லை. காயப்பட்ட கையை மற்றக் கையால் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தார்.

முற்றத்தில் பெரிய பேசினை வைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி, எண்ணெயை வார்த்தேன். தண்ணி தனியாக அடியில் நிற்கும் என்று பார்த்தேன். ஒரு துளி தண்ணி இல்லை. குப்பையும் இல்லை. அவள் வார்த்த எண்ணெய் சுத்தமான எண்ணெய். அதில் நான் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். வெறுந்தாங்கியைத் தூக்கி ஆட்டினேன். உள்ளே ஏதோ ஈரத்துணி மாதிரி இந்தச் சுவரில் சளக், அந்தச் சுவரில் சளக் என்று அடித்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. நான் கண்டேன். முருங்கை மரத்தடியில் போய் நின்றாள்.

தாங்கி வாய்க்குள் என் கை போகாது. போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால், மண்ணிறத்தில் ஒரு சின்னச் சதுரம் அடியில் ஒட்டிக் கிடந்தது. பழைய சைக்கிள் கம்பி ஒன்றை நுனியில் வளைத்து விட்டுக் கொழுவப் பார்த்தேன். வழுக்கிப் போகும், திரும்ப வரும், திரும்ப வழுக்கும். வேர்வையும் எண்ணெயும் கண்ணுக்குள் போய் எரிந்தது. கடைசியில் நூல் ஒன்று கம்பியில் மாட்ட இழுத்தேன்.

உத்தரியத்தின் ஒரு துண்டு. உறை எண்ணெயில் ஊறிப் பொம்மியிருந்தது. நாடாவில் ஒரு சாண் கூட இல்லை, கத்தரிக்கோலால் வெட்டிய வெட்டு. அவருடையதாக இருக்க முடியாது, அவருடையது அறைக்குள் ஆணியில் முழுதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தாங்கிக்குள் இறங்கி எண்ணெய் உறிஞ்சுகிற சின்னக் குழாயைக் கழற்றி, நுனியில் அதை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி இருந்தது. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச இது போய் வாயில் ஒட்டும். எண்ணெய் போகாமல் எஞ்சின் நிற்கும். நின்றதும் இழுவை இல்லை, இது விழுந்துவிடும். பிறகு கயிற்றை இழுத்தால் ஓடும். ஒரு பருவம் முழுக்க நாங்கள் அடித்த சண்டைக்கெல்லாம் இவ்வளவுதான் காரணம்.

அதைக் கம்பியோடு தூக்கிக்கொண்டு முருங்கையடிக்குப் போனேன். கோவமாவது மண்ணாவது, முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இந்தாங்கோ, உங்கடை காவல்."

அவள் கை தன் கழுத்துக்குப் போனது. அப்போதுதான் கண்டேன். அவளுடைய சட்டைக் கழுத்துக்குள் இருந்த நாடாவில் ஒரு துண்டுதான் இருந்தது. மற்ற நுனி வெறும் முடிச்சு.

அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை. முருங்கை மரத்துக்குச் சொன்னாள். "கழுத்திலை போடமாட்டன் எண்டு நிண்டால் நான் என்ன செய்யிறது? நாளும் அவனோடை கடலுக்குப் போய் வாறது உந்தத் தாங்கிதான். என்ரையிலை ஒரு துண்டை வெட்டி அதுக்குள்ளை போட்டனான். ஒண்டு அவனோடை, ஒண்டு என்னோடை."

இதைக் கேட்டு என் மனம் இளகியது என்று எழுதினால் அது பொய். தன் நரகத்துக்கு வைத்திருந்த காவலில் பாதியை வெட்டிக் கொடுத்திருக்கிறாள், அது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்க விளங்கக் கொதிதான் கூடியது. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். உங்கடை அன்பு அவருடைய எஞ்சினை அடைத்தது, உங்கடை அன்பு அவரைப் பாருக்கு மேலே ஏற்றியது, என்னைச் சனியன் என்றீர்களே, சனியன் உங்கடை நாடாவிலை எல்லோ தொங்கினது. அவள் அழவில்லை. நான் நிப்பாட்டவில்லை, நிப்பாட்டுகிற எண்ணமும் இல்லை.

அப்போது குசினிப் படியில் குந்தியிருந்த இவர், நாங்கள் இருவரும் ஏதோ அவரைக் குற்றம் சாட்டியதுபோல, மெல்லச் சொன்னார்.

"நான் உதை மூலைக்கெல்லோ தள்ளிவிட்டனான்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது, வளர்த்தவள் அல்லவா. முருங்கையடியிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். எப்ப கண்டனீ என்று கேட்டாள். மெக்கானிக் கழுவச் சொன்ன அன்றைக்கு என்றார். கண்டதும் குழாய்க்குக் கிட்ட வராமல் கம்பியால் மூலைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அலை அடிக்க அது திரும்பத் திரும்பக் குழாயடிக்கு வந்திருக்கிறது. இவரும் திரும்பத் திரும்பத் தள்ளியிருக்கிறார். இது தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு நாளும் தாங்கியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஏன்ரா எடுக்கேல்லை?"

"எடுத்தால் நீ அழுவாய், அக்கா." பிறகு என்னைப் பார்த்தார். "சொன்னால் நீர் விடமாட்டீர். சமாளிச்சுப் போடலாம் எண்டு நினைச்சன்."

நான் அந்தக் கம்பியைக் கையிலிருந்து விட்டுவிட்டேன். இரண்டு பெண்கள் முற்றத்தில் நின்று ஒரு பொழுது சண்டை பிடிப்பதைப் பார்ப்பதைவிட, போட்டோடு போய்க் கல்லில் ஏறுவது இந்த மனிசனுக்கு லேசாகப் பட்டிருக்கிறது. செத்திருந்தால் இவருக்கென்ன, போய்ச் சேர்ந்திருப்பார். நானும் அவளும் அல்லவா மிச்சம். நீதான் கொன்றாய் என்று அவள் என்னைச் சொல்ல, நீதான் கொன்றாய் என்று நான் அவளைச் சொல்ல, அந்த ஒரே குசினிக்குள் சாகும்வரை இருந்திருப்போம். மூலைக்குத் தள்ளிவிட்டாராம். எங்கள் இரண்டு பேரையும் இத்தனை காலமும் செய்ததும் அதுதானே. அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னம் வந்ததில்லை. கையில் இரத்தம் வடிகிற ஆள் என்றும் பார்க்காமல் இரண்டு அறை விடலாம் போல இருந்தது.

மச்சாள் கீழே கிடந்த கம்பியிலிருந்து உத்தரியத் துண்டைக் கழற்றி எடுத்தாள். சட்டையில் துடைத்தாள். எண்ணெய் மணம் போகாது, இன்றைக்கும் போகவில்லை, அவள் கிட்ட வந்தால் மூக்கில் அடிக்கும். தம்பியை ஏறவும் இறங்கவும் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். சுவருக்கு அல்ல, மரத்துக்கு அல்ல, என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"இண்டைக்கு உதுக்குச் சோறு போடாதை."

"ஓம் மச்சாள்" என்றேன்.